வெட்டாத வீடியோ

ஹார்டுவேர் கடைக்காரர் கைப்பேசியை அவள் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“பாருங்க தங்கச்சி, பாருங்க! இது கையா, மெஷினா? உங்க வீட்டுக்காரர் இப்படி ஒரு வித்தைக்காரர்னு இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே. இங்க வந்து திருகாணி வாங்கிட்டுப் போறப்போ ஒரு டீ கூட வாங்கிக் குடுத்ததில்ல நான்.”

இரும்பு அறுக்கும் கட்டிங் டிஸ்க் வாங்க வந்தவள் வேறு வழியில்லாமல் பார்த்தாள். திரையில் பொறி பறந்தது. தோல் கையுறை போட்ட கை ஒன்று இரண்டு இரும்புக் குழாய்களைச் சேர்த்துப் பற்றவைத்துக்கொண்டே நடுங்காமல் நகர்ந்தது. சுத்தியல் லேசாகத் தட்டியதும் மேலே படிந்திருந்த கருப்புத் தோல் ஒரே துண்டாக உரிந்து விழுந்தது. உள்ளே தையல் போட்டதுபோல் வரிசை பிசகாமல் பளபளத்தது வெல்டு. அடுத்த நொடி முகமூடி மேலே போனது. உள்ளேயிருந்து அவள் புருஷன் சிரித்தான். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

அந்த வியர்வை, இஸ்திரி போடும்போது துணியில் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலிலிருந்து வந்தது. தெளித்தவள் அவன் தங்கை.

“அந்தக் கை என்னோடதுண்ணே,” என்றாள்.

கடைக்காரர் ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “அதுசரி! புருஷன் கை வேற, பொண்டாட்டி கை வேறயா? எல்லாம் ஒரே குடும்பத்துக் கைதானே!”

பக்கத்தில் பெயின்ட் வாங்க நின்றவனும் சேர்ந்து சிரித்தான். அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. டிஸ்க் பொட்டலத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலிருந்து கடைக்காரர், “மாஸ்டரைக் கேட்டதாச் சொல்லுங்க!” என்று கூவினார்.

மாஸ்டர்! நேற்றுவரை அவனை அந்தத் தெருவில் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட ஆள் கிடையாது.

எல்லாம் ஆர்டர் இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஆரம்பித்தது.

பட்டறை அவளுடைய அப்பா வைத்தது. அவருக்குக் கூலிக்கு ஆள் வைக்க வசதி இல்லை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெல்டிங் ஹோல்டரை அவள் கையில் கொடுத்தார். அவள் அதை இடது கையில் வாங்கினாள். இன்றுவரை இடது கைதான். கல்யாணம் ஆனபோது புருஷன் ஒரு நாற்காலிக் கடையில் விற்பனையாளன். வாய்தான் அவன் மூலதனம். அவன் பேச ஆரம்பித்தால் வீடே கட்டாதவன்கூட வாசல் கேட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போவான். அதனால் அவன் வெளியே, அவள் உள்ளே என்று வேலை தானாகப் பிரிந்துகொண்டது. அளவு எடுப்பது, படம் போட்டுக் காட்டுவது, பேரம் பேசுவது அவன். அறுப்பது, வளைப்பது, பற்றவைப்பது அவள். ஆரம்பத்தில் ஆசைக்கு அவனும் ஹோல்டரைப் பிடித்துப் பார்த்தான். அவன் வைத்த வெல்டு கோழி கிளறிய குப்பைமேடு மாதிரி இருந்தது. அதோடு விட்டுவிட்டான்.

வருகிறவர்களிடம், “உள்ள நம்ம ஆள் இருக்காருங்க, பிரமாதமாப் பண்ணுவாரு,” என்பான். அந்த ஆள் அவள்தான். முகமூடியும் தோல் ஏப்ரனும் போட்டுக் குனிந்திருக்கும் உருவத்தை யாரும் நெருங்கிப் பார்த்ததில்லை. அவளும் அதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நாத்தனார் வந்து இறங்கினாள். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றில் எடுபிடியாக இருந்துவிட்டு, அங்கே சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தாள். குழாய்க்காரர், டைல்ஸ் ஒட்டுபவர், ஏ.சி. மெக்கானிக் மாதிரி ஆட்களுக்குக் குறைந்த செலவில் சின்னச் சின்ன வீடியோ எடுத்துக் கொடுப்பது. ஒரு கைப்பேசி, கால் ஒடிந்து கட்டுப்போட்ட ஸ்டாண்டு, காலரில் மாட்டும் மைக், வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளைக் குடை. இவ்வளவுதான் அவள் கம்பெனி.

“அண்ணி, சினிமா மாதிரி வேணும்னா சினிமா எடுக்கறவங்ககிட்ட போகணும். சுத்துப்பட்டு ஜனங்க நம்மளைப் பார்க்கணும்னா நான் போதும்,” என்றாள்.

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. ஒரே காலையில் வந்து ஒரு மாதத்துக்கு வேண்டியதை எடுத்துவிடுவாள். நடுநடுவே சட்டையை மாற்றச் சொல்லி, வேறு வேறு நாள் மாதிரி ஆக்கிவிடுவாள். அதில்தான் செலவு குறைந்தது. குழாய்க்காரர் சாக்கடை அடைப்பு எடுக்கும் வீடியோவை ஜனங்கள் சாப்பிடும்போதுகூடப் பார்க்கும்படி எடுத்தவள் அவள்.

வெல்டிங்கில் மட்டும் ஒரு தொல்லை இருந்தது. பற்றவைக்கும் வெளிச்சம் பட்டதும் கைப்பேசியில் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. நாத்தனார் யோசித்தாள். உடைந்த பழைய முகமூடியிலிருந்து கறுப்புக் கண்ணாடித் துண்டை எடுத்து லென்சுக்கு முன்னால் பிடித்தாள். கையும் பொறியும் தெள்ளத் தெளிவாக விழுந்தன. ஆனால் அந்தக் கண்ணாடி வழியாக முகம் எடுக்க முடியாது, எல்லாம் இருட்டு. முகம் வேண்டுமானால் நிறுத்தி, கண்ணாடியை எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

அந்த நிறுத்தத்தில்தான் நாத்தனாருக்கு யோசனை வந்தது.

“அண்ணி, நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க. அண்ணே, அந்த மாஸ்க்கை வாங்கிப் போட்டுக்கிட்டு இங்க வந்து நில்லு.”

“எதுக்குடி?” என்றாள் இவள்.

“பொம்பளை பத்த வெக்கறான்னு போட்டா கமெண்ட்ல ஆர்டரா வரும்? வீட்டுல சமையல் யாருன்னு கேப்பாங்க. அண்ணன் முகம் லட்சணமா இருக்கு, பேச்சும் வருது. முகம் யாரோடதா இருந்தா என்ன அண்ணி, வேலை உங்களோடதுதானே?”

அவள் தள்ளிக்கொண்டாள். கழற்றிய முகமூடியைத் தன் கையாலேயே அவனிடம் கொடுத்தாள். இப்போது நினைத்தால் அந்தக் கையை எதிலாவது அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. கூடவே ஒரு கமெண்டும் வந்தது: ‘பத்த வெக்கறது இடது கை, முகம் வந்ததும் ஹோல்டர் வலது கையில. என்னய்யா கோல்மால்?’

“இதெல்லாம் ஒரு விஷயமா?” என்றாள் நாத்தனார். “கண்ணாடில பார்க்கற மாதிரி படத்தைத் திருப்பிப் போட்டா இடது வலதாயிடும்.”

அதற்குப் பிறகு வந்த வீடியோக்களில் முகம் வருகிற துண்டைத் தவிர மற்றதெல்லாம் திருப்பித்தான் வந்தது. முகம் போனது போதாதென்று கையும் மாறிப்போனது.

ஹார்டுவேர் கடையிலிருந்து அவள் பட்டறைக்குத் திரும்பியபோது புருஷன் வாசலிலேயே நின்றான். இஸ்திரி போட்ட சட்டை. இப்போதெல்லாம் பட்டறைக்கு அப்படித்தான் வருகிறான், எந்த நேரத்தில் யார் செல்ஃபி கேட்பார்களோ என்று. நாத்தனார் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து டைல்ஸ்காரர் வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்க போனே? விஷயம் தெரியுமா உனக்கு?” அவனுக்குத் தலைகால் புரியவில்லை. “நம்ம மரம் போட்ட கேட்டு, அந்த பிரின்சிபால் அம்மா இல்ல? அவங்க கூப்பிட்டாங்க.”

அவளுக்கு நினைவிருந்தது. பெண்களுக்கான தொழிற்பயிற்சிப் பள்ளியின் முதல்வர். அவர் வீட்டு கேட்டில் இரும்பிலேயே ஒரு மரம். காற்றுக்கு வளைந்த மாதிரி இடது பக்கமாகச் சாயும் கிளைகள். ‘இந்த மாதிரி உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கும்மா, வேற யாருக்கும் போட மாட்டோம்’ என்று புருஷன் அடித்துச் சொல்லி வாங்கிய ஆர்டர். ஒவ்வொரு கிளையையும் வளைத்துப் பார்த்து, சரியில்லையென்று பிரித்து, மறுபடி வளைத்தவள் இவள்.

“பொண்ணுங்களுக்கு வெல்டிங் கத்துக் குடுக்கப் புது வகுப்பு ஆரம்பிக்கிறாங்களாம். ஏதோ ஒரு வீடியோவை அவங்க கமிட்டி பார்த்திருக்கு. ‘மாஸ்டர், நீங்கதான் வந்து சொல்லிக் குடுக்கணும்’னாங்க. நிரந்தர வேலை!”

அவளுக்குள் என்னவோ எழுந்து நின்றது. ஒரு நீளக் கூடம். வரிசையாகப் பெண்கள். முதல் தடவை வெல்டிங் ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டதும் பயந்து உதறுவார்கள். ‘உதறாதே, முழங்கையை உடம்போட சேர்த்து வெச்சுக்கோ, மூச்சை விடு’ என்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு ஆசை தனக்கு இருந்ததே அவளுக்கு இந்த நிமிடம்வரை தெரியாது.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வர்றேன்னேன்.”

“போயி?”

“போயி, கத்துக் குடுக்கணும்.”

“எதை?”

அவன் குரலைத் தாழ்த்தினான். “இங்க பாரு, நீ வீட்டுல எனக்குச் சொல்லிக் குடு. நான் அங்க போய் அதையே சொல்லிடறேன். பேச்சுதானே? அது எனக்கு வராதா?”

டிஸ்க் பொட்டலம் அவன் காதோரமாகப் பறந்துபோய்த் தகரக் கதவில் மோதியது. நாத்தனார் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தாள்.

“ஏங்க, வெக்கமா இல்ல? கையைக் கேட்டீங்க, குடுத்தேன். இப்போ வாய்க்குள்ள இருக்கறதையும் புடுங்கிட்டுப் போகணுமா? அந்த வேலை எனக்கு வேணும். அந்தம்மாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்க.”

“பைத்தியமா உனக்கு? ஊரே மாஸ்டர் மாஸ்டர்னுது. இப்போ போய், ஐயா, நான் இல்லீங்கன்னு சொன்னா நாளைக்குத் தெருவுல எப்படி நடப்பேன்?”

“நான் இத்தனை வருஷமா நடக்கலையா? அதே மாதிரி நடங்க!”

“அண்ணி, அக்கம்பக்கம் பார்க்கறாங்க,” என்றாள் நாத்தனார்.

“பார்க்கட்டுமே! பார்க்கறதுக்குத்தானே நீ எடுத்துப் போடறே?”

அன்று அந்த வீட்டில் தட்டு வைத்த சத்தம் மட்டும்தான் கேட்டது. அதுவும் பலமாக.

மறுநாள் காலை அவள் முகமூடியைத் தூக்கிக்கொண்டு ஒரு ஜன்னல் சட்டத்தின் முன் குந்தியபோது, பட்டறை வாசலில் கார் வந்து நின்றது. பிரின்சிபால் அம்மா இறங்கினார். வகுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்துப் புருஷன் பல்லெல்லாம் தெரிய ஓடினான்.

“வாங்கம்மா, வாங்க! சொல்லி அனுப்பியிருந்தா நானே...”

“இதென்ன மாஸ்டர்?”

அவர் நீட்டிய கைப்பேசியில் கேட் வீடியோ ஓடியது. கையுறை போட்ட கை கிளையைப் பற்றவைத்தது. பிறகு முழு கேட்டும் வந்தது. கடைசியில் புருஷனின் சிரிப்பு.

“உங்க கேட்டுதாம்மா. ஜனங்க அப்படி ரசிக்கிறாங்க.”

“என் கேட்டுல மரம் இடது பக்கம் சாயுது. தாழ்ப்பாள் வலது பக்கம். இதுல மரம் வலது பக்கம் சாயுது, தாழ்ப்பாள் இடது பக்கம். என் தங்கச்சி அனுப்பி, ‘அக்கா, உங்க கேட்டு மாதிரியே இன்னொருத்தருக்கும் போட்டிருக்காங்க’ன்னா. உலகத்துல ஒண்ணே ஒண்ணுன்னு என் வாசல்ல நின்னு சத்தியம் பண்ணீங்களே? வாக்குல சுத்தம் இல்லாத ஆளை நம்பி என் பொண்ணுங்களை எப்படி விடறது?”

புருஷன் வாயடைத்து நின்றான். ஆயுளில் அவனுக்கு அப்படி ஆனது அதுவே முதல் தடவையாக இருக்கும். நாத்தனார்தான் முந்திக்கொண்டாள்.

“ஐயோ அம்மா, அது உங்க கேட்டேதான். படத்தை மட்டும் திருப்பிப் போட்டிருக்கோம்.”

“ஏன் திருப்பணும்?”

“அது... பார்க்க நல்லா இருக்கும்னு...”

“மரத்தைத் திருப்பினா என்ன நல்லா இருக்கும்?”

புருஷனுக்கு வாய் திரும்பி வந்தது. வராமலே இருந்திருக்கலாம். “அதாவதும்மா, எனக்கு இடது கைப் பழக்கம். வீடியோல பார்க்க ஒரு மாதிரியா இருக்கும்னு தங்கச்சிதான்...”

ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால் அவள் மெல்ல எழுந்து நின்றாள். அவளுடைய இடது கை. அதையும் எடுத்துக்கொண்டான்!

பிரின்சிபால் அம்மா புருவத்தைச் சுருக்கினார். “அளவு எடுக்க வந்தப்போ என் சுவத்துல சாக்பீஸால மரம் வரைஞ்சு காட்டினீங்களே, வலது கையால? நான் வாத்தியார்ங்க. யார் எந்தக் கையால எழுதறாங்கன்னு பார்க்கறதுதான் எனக்கு வேலையே.”

புருஷன் திரும்பி மனைவியைப் பார்த்தான். ‘காப்பாத்து’ என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

“எல்லாரும் கண்ணைத் திருப்பிக்குங்க,” என்றாள் அவள்.

பற்றவைக்கும் முன் அப்பா சொல்லும் எச்சரிக்கை அது. முகமூடியைச் சரித்துக்கொண்டு, ஹோல்டரை இடது கையில் பிடித்து, ஜன்னல் சட்டத்தின் மூலையில் ராடை உரசினாள். பொறி பறந்தது. மூலை முடிந்ததும் தட்டினாள். கருப்புத் தோல் உரிந்து விழுந்தது. முகமூடியைத் தூக்கினாள். உண்மையான வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

“கை என்னோடதும்மா. முகம்தான் அவரோடது,” என்றாள்.

பிரின்சிபால் அம்மா கட்டியணைத்துப் பாராட்டுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் வந்த பதில் சுருக்கென்று தைத்தது.

“நான் ஒரு வாத்தியாரைத் தேடி வந்தேன். நீங்க மூணு பேரும் சேர்ந்து ஒரு ஆளை உண்டாக்கி வச்சிருக்கீங்க. அவரு பொய் சொன்னாரு, சரி. அந்தப் பொய்க்குக் கை குடுத்தது யாரு?”

“நான்தான்,” என்றாள் அவள். “ஆர்டர் வேணுமேன்னு குடுத்தேன். குடுத்தது தப்பு. இப்போ திருப்பிக் கேக்கறேன்.”

பிரின்சிபால் அம்மா சட்டத்தின் மூலையைக் குனிந்து பார்த்தார். அவர் கோபம் தணியவில்லை. ஆனால் திசை மாறியது.

“கையில வேலை இருக்கு. ஆனா நான் மட்டும் தீர்மானிக்கறது இல்ல. என் கமிட்டி கண்ணுல மாஸ்டர்னா இவர் முகம்தான் பதிஞ்சிருக்கு. அதை நீங்களே அழிச்சு எழுதுங்க. இன்னிக்கு சாயங்காலம் கூட்டம். அதுக்குள்ள ஒரு வீடியோ அனுப்புங்க. நடுவுல வெட்டக் கூடாது. திருப்பக் கூடாது. ஒரு இடத்துல துண்டு விழுந்தாலும் நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

கார் போனதும் புருஷன் வெடித்தான். “அனுப்பக் கூடாது, சொல்லிட்டேன். அது நாலு பேர் கைக்குப் போகும். நான் கேலிப் பொருளாயிடுவேன்.” கதவை உதைத்துவிட்டு வெளியே போனான்.

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். “எடுடி.”

நாத்தனார் ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு நின்றாள். “கூடப் பிறந்தவன் அண்ணி. நாளைக்கு அவன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

“என் முகத்துல இத்தனை நாளா எப்படி முழிச்சே? முகமூடி போட்டிருந்ததால சௌகரியமா இருந்துச்சோ?”

நாத்தனார் தலை குனிந்துகொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, பையிலிருந்து கறுப்புக் கண்ணாடித் துண்டை எடுத்தாள்.

“அதுல ஒரு சிக்கல் இருக்கு அண்ணி. நிறுத்தாம எடுக்கறதுன்னா, ஓடிக்கிட்டு இருக்கும்போதே இதை லென்ஸ் முன்னால வெக்கணும், அப்புறம் எடுக்கணும். வெச்சதும் நீங்க பத்த வெக்கற வரைக்கும் படம் இருட்டா இருக்கும். அந்த இருட்டுல ஆளை மாத்திட்டோம்னு சொல்லிடுவாங்க. அதனால நீங்க பேசிக்கிட்டே இருக்கணும். குரல் அறுபடக் கூடாது.”

“என்ன பேச?”

“எதையாவது பேசுங்க. வாயில வந்ததை.” காலரில் மைக்கை மாட்டிவிட்டாள். “எடிட்டிங்கே கிடையாது. நான் எடுத்ததுலயே மலிவான வீடியோ இதுதான்.”

கைப்பேசி ஓடத் தொடங்கியது. அவள் லென்சை நேராகப் பார்த்தாள். “இந்தப் பட்டறையில பத்த வெக்கறது நான்தான். இதுவரைக்கும் நீங்க பார்த்த கை எல்லாம் இந்தக் கைதான்.” இடது கையைத் தூக்கிக் காட்டினாள். கையுறையை மாட்டினாள், முகமூடியைச் சரித்தாள். “இப்போ கண்ணாடி வெக்கப்போறாங்க. இருட்டாகும். நான் இங்கயேதான்...”

நாத்தனார் கண்ணாடியை வைத்தாள். சரியாக அந்த நேரம் பார்த்துப் புருஷன் உள்ளே நுழைந்தான்.

“நிறுத்துடி! என் மானத்தைக் கப்பலேத்தறியா?”

நாத்தனார் நிறுத்தவில்லை.

“தள்ளி நில்லுங்க, பொறி தெறிக்கும்,” என்றாள் அவள். ராடு உரசியது. வெளிச்சம் வெடித்தது.

“எனக்கு ஒரு பேர் கிடைச்சது பொறுக்கலையா உனக்கு?”

“அது இந்தக் கை சம்பாதிச்ச பேரு.”

“நான் போய் ஆர்டர் புடிச்சுட்டு வரலேன்னா உன் கை எதை ஒட்டும்? காத்தையா?”

“வாஸ்தவம். ஆர்டர் கொண்டு வர்றது நீங்க. யாரு இல்லேன்னா? அதை உங்க முகத்தை வெச்சு நீங்க சொல்லுங்க. பத்த வெக்கறது நான். அதை என் முகத்தை வெச்சு நான் சொல்றேன். இதுல உங்களுக்கு எங்க வலிக்குது?”

“கரண்டை அணைக்கறேன் பாரு!” சுவரோரம் போய் மெயின் ஸ்விட்சில் கையை வைத்தான்.

“அணைங்க. நீங்க அணைக்கறதும் சேர்ந்து வீடியோல விழும்.”

அவன் கை அங்கேயே நின்றது. அவனைவிட அதை நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவன் அந்தத் தெருவில் யாரும் இல்லை. மெல்லக் கையை எடுத்துக்கொண்டான். ஆனால் வாயை மூடவில்லை. அவன் பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருந்தான். அவள் பாட்டுக்குப் பற்றவைத்துக்கொண்டே இருந்தாள்.

வெளிச்சம் நின்றது. கண்ணாடி விலகியது. சுத்தியலால் தட்டினாள். கருப்புத் தோல் ஒரே துண்டாக உரியவில்லை. நடுவில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு முரண்டு பிடித்தது. கோபத்தில் அந்த இடத்தில் கை வேகமாகப் போயிருந்தது. நாத்தனார் உதட்டைக் கடித்தாள்.

அவள் முகமூடியைத் தூக்கினாள். லென்சைக் கிட்டே வரச் சொல்லிச் சைகை காட்டினாள்.

“இங்க பாருங்க. இந்த இடத்துல நான் வேகமா நகர்த்திட்டேன். அதனால உள்ள கசடு மாட்டிக்கிச்சு. வெளியில பார்த்தா தெரியாது, மேல பெயின்ட் அடிச்சு மூடிடலாம். ஆனா ஜன்னல் ஒரு நாள் இந்த இடத்துலதான் விட்டுக்கும். இதை இப்படியே விடக் கூடாது. தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி வெக்கணும். கோவமா இருந்தா முதல்ல ஹோல்டரைக் கீழ வெச்சிடுங்க. நான் வெக்காம விட்டேன்.”

கிரைண்டரை எடுத்து அந்த இடத்தைத் தேய்த்தாள். மறுபடி கண்ணாடி, மறுபடி இருட்டு, மறுபடி வெளிச்சம். பின்னணியில் புருஷன் இன்னும் அவளுடைய பிறந்த வீட்டை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் நாத்தனார் தயங்கினாள். “அண்ணி, வெட்டக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. சத்தத்தை மட்டும் எடுத்துடட்டுமா? அண்ணன் பேசினது எல்லாம் அப்படியே விழுந்திருக்கு.”

“எதையும் எடுக்காதே. அனுப்பு.”

சாயங்காலம் பட்டறையைப் பூட்டும் நேரத்தில் அழைப்பு வந்தது. அவள் கை முழுக்கக் கரி. நாத்தனாரே கைப்பேசியை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள். புருஷன் வாசலில் தெருவைப் பார்த்தபடி இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

“தப்பு வந்த இடத்தைக் காட்டினீங்களே, கமிட்டி அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாங்க,” என்றார் பிரின்சிபால் அம்மா. “திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்குங்க. என் கோவம் இன்னும் போகலை, அதையும் சொல்லிடறேன்.”

“எனக்கும் போகலைம்மா,” என்றாள் அவள்.

எதிர்முனையில் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. “ஒரு விஷயம் கேக்கணும். கமிட்டியில எல்லாருமே கேட்டாங்க. வீடியோ முழுக்கப் பின்னால ஒருத்தர் கத்திக்கிட்டே இருக்காரே, யாரு அது?”

அவள் வாசலைப் பார்த்தாள். அவன் தோள் விறைத்தது. இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு கசங்கல்கூட இல்லை.

“அவர்தாம்மா மாஸ்டர்,” என்றாள்.